பதினான்காம் பலகை

இருபது பலகைகளும் ஒன்றுபோலவே இருந்தன. ரெஜிலாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் வெறும் மரம். ஒவ்வொரு பலகையும் ஒரு சின்னப் பெட்டியின் பக்கச் சுவராக, பள்ளத்தில் செருகி நிற்கும். உருவி எடுக்கலாம், திருப்பியும் செருகலாம். அருமனையில் அவள் வீட்டுக்குப் பக்கத்து ஆசாரிதான் செய்து கொடுத்தார். கடைசிப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்போது, "மோளே, இது என்னத்துக்காக்கும்?" என்று கேட்டார்.

"வாதம் வந்த கைக்கு வைத்தியம்."

"கோழிக்கூடுண்ணு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றார் ஆசாரி.

கண்ணாடி எப்படி வைத்தியம் ஆகும் என்று நீங்களும் கேட்பீர்கள், மக்களே. சொல்கிறேன். பக்கவாதத்தில் ஒரு கை ஓய்ந்துபோனவர் மேசை முன்னால் உட்காருகிறார். ஓய்ந்த கை பெட்டிக்குள் மறைந்திருக்கும். நல்ல கை வெளியே, கண்ணாடிக்கு முன்னால். நல்ல கையை விரித்து மடக்கினால் கண்ணாடிக்குள்ளும் ஒரு கை விரிந்து மடங்கும். அது தெரிகிற இடமோ, ஓய்ந்த கை இருக்கவேண்டிய இடம். பார்க்கிறவருக்குச் செத்த கை எழுந்து வேலை செய்வதுபோல இருக்கும். பொய் என்று தெரிந்தாலும் மூளை கொஞ்சம் ஏமாந்து போகும். அப்படி ஏமாந்த மூளை, கைக்குப் போகிற பழைய வழியைத் திரும்பத் தேட ஆரம்பிக்கும் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள்.

ரெஜிலா நாகர்கோவிலில் மறுவாழ்வு மருத்துவம் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். முடங்கிய கைகால்களை மறுபடி வேலைக்குக் கொண்டுவருகிற படிப்பு அது. அவளுக்கு ஒரு சந்தேகம். கை தேறுவது கண்ணாடியாலா? இல்லை, தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து கையை அசைக்கிறோமே, அதனாலா? இதைத்தான் அவள் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். இருபது நோயாளிகள். பத்துப் பேர் கண்ணாடியைப் பார்த்துச் செய்வார்கள். பத்துப் பேருக்குப் பலகை திரும்பியிருக்கும், கண்ணாடி பெட்டிக்குள்ளே, மரம் வெளியே. பயிற்சி ஒன்றே, நேரமும் ஒன்றே. ஆறு வாரம் வீட்டிலேயே செய்ய வேண்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். இரண்டு விதம் உண்டு என்று எல்லாரிடமும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். எது எது என்று மட்டும் சொல்லவில்லை.

ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் பட்டம். பட்டம் வந்ததும் மார்த்தாண்டத்தில், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தருவதாக வாய்வார்த்தை சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா அதைச் சபையில் பாதிப்பேரிடம் சொல்லியாகிவிட்டது.

சீட்டு எடுத்த அன்று வெளி பெஞ்சில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நாராயணபெருமாள். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம், வயது ஐம்பத்தெட்டு, வலது கை போயிருந்தது. இன்னொருவர் சகாயம், கடற்கரைக்காரர், வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தவர். அவருக்கு இடது கை.

"அண்ணாச்சிக்கு வலது, எனக்கு இடது" என்றார் சகாயம். "ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுனா ஒரு முழு ஆளு தேறும்."

"ஒமக்கூட கட்டிப் போட்டா மீன் நாத்தத்துலயே எனக்க அடுத்த கையும் போயிரும்வே" என்றார் நாராயணபெருமாள்.

ரெஜிலா ஒவ்வொருவரையும் கேட்பாள், கை திரும்ப வந்தால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று. சகாயம், வலை கிழிந்தால் பின்னவேண்டும் என்றார். நாராயணபெருமாளுக்காக அவர் மனைவி முத்துக்கனி முந்திக்கொண்டு சொன்னாள்: "இவியளுக்குத் தலப்பா கட்டணும், பிள்ளே."

அவர்கள் அய்யாவழிக்காரர்கள். அவர்கள் கும்பிடும் தாங்கலில் சிலை இருக்காது, கண்ணாடிதான் இருக்கும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்பார்கள். வாதம் வந்ததிலிருந்து நாராயணபெருமாள் தாங்கலுக்குப் போகவே இல்லை.

"அக்கா கட்டி விடலாமே?" என்றாள் ரெஜிலா.

"கட்டுவா. நல்லாவும் கட்டுவா" என்றார் அவர். "ஆனா அங்க போயி நிக்கவன் நானாக்கும். எனக்கு நானே கட்டணும். ஒத்தக் கையால கட்டிப் பாத்தேன், வாழக்குலைக்கு சருவு சுத்துன மாதிரி இருக்கு."

இடது கையால் அவரே சீட்டு இருந்த உறையை எடுத்தார். ரெஜிலா பிரித்துப் பார்த்தாள், மரப்பக்கம் வந்திருந்தது. எண் பதினான்கு. சகாயத்துக்கும் மரம்தான், எண் ஒன்பது.

ஆறு வாரம் கழிந்தது. அளந்து பார்க்கிற பொறுப்பு அபினுடையது, ரெஜிலாவோடு படிப்பவன். யார் கண்ணாடி, யார் மரம் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அளக்கிற கை தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மேசையில் ஒரு தொட்டி நிறையச் சின்ன மரக்கட்டைகள். ஓய்ந்த கையால் ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டையைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றுகிறார் என்று எண்ணவேண்டும். அவ்வளவுதான்.

மாலையில் அபின் தாளைக் கொண்டுவந்து போட்டான். "ஏட்டி, ஒனக்கப் பதினாலாம் நம்பர் பேயா பிசாசா? ஆறு வாரத்துக்கு முன்ன நாலு கட்ட. இண்ணைக்கு இருவத்தேழு! போதும்ணு சொல்லியும் நிறுத்தல மனுசன்."

ரெஜிலா பூட்டி வைத்திருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடி பார்த்த பத்துப் பேரும் நன்றாகவே ஏறியிருந்தார்கள், பதின்மூன்று, பதினைந்து என்று. மரம் பார்த்தவர்களில் ஒன்பது பேர் எட்டு, பத்து, பன்னிரண்டோடு நின்றிருந்தார்கள். நாராயணபெருமாள் ஒருவர் மட்டும் தென்னைமரம்போல நடுவில் நின்றார். அந்த ஒரே ஆளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் தளர்ந்துபோனது. தற்செயலாக வந்திருக்கலாம் என்று யாரும் சொல்லிவிடலாம்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தைப் பார்த்தவருக்கு எப்படி இத்தனை? தாங்கலில் கண்ணாடி முன்னால் நிற்கிறாரே, அதனாலா? ஆனால் அந்தக் கண்ணாடி நேர் எதிரே அல்லவா இருக்கிறது, அதில் வலது கை வலது பக்கத்திலேதான் தெரியும். அதுவும் அவர்தான் தாங்கலுக்கே போகவில்லையே. வேறு மருந்து ஏதாவது? எண்ணெய் தேய்த்து உருவும் திருமல்? மறுநாள் காலை வடசேரியில் பஸ் ஏறினாள்.

சுசீந்திரத்துக்குத் தெற்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் அவர்கள் வீடு. கதவு திறந்தே கிடந்தது. ஆறு வாரம் முடிந்த பிறகும் நாராயணபெருமாள் மேசை முன்னால் உட்கார்ந்து கையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். ரெஜிலா வாசலில் நின்றாள். பலகையில் ஒரு வெளிச்சம் ஆடியது. மரத்தில் எங்கிருந்து வெளிச்சம் ஆடும்?

"அண்ணாச்சி, இத யாரு திருப்பி வச்சா?"

அவர் கை நின்றுவிட்டது. அடுக்களையிலிருந்து முத்துக்கனி எட்டிப் பார்த்தாள். "நான் சொன்னேம்லா? பிள்ள ஒரு நா கண்டுபிடிச்சிரும்ணு. கேட்டியளா?"

"நீ சும்மா கெட" என்றார் அவர். பிறகு ரெஜிலாவைப் பார்த்து, "கோவப்படாத மக்கா. மொத நாளு இவ தூசி தட்டப் பலகைய உருவுனா. பாத்தா உள்ள கண்ணாடி! அதுக்க முகம் இருட்டப் பாத்துட்டு இருக்கு, முதுகு என்னப் பாத்துட்டு இருக்கு. நான் அஞ்சு வயசுலேருந்து கண்ணாடி முன்ன நின்னு கும்பிடுகவன். அதுக்க முதுகுக்கு முன்ன உக்காந்து அர மணிக்கூறு எப்பிடி இருப்பேன்? இப்பிடி இருக்கப்படாதுண்ணு யாரும் சொல்லித் தரல. எனக்கு மனசு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லணும்ணுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பெரிய டாக்டரம்மா பக்கத்துல நின்னாங்க. இருவது பொட்டி செஞ்ச பிள்ளைக்கு ஒண்ணு மாறிப் போயிருக்கும். அவங்களுக்க முன்ன வச்சு 'தப்பா மாட்டியிருக்க'ண்ணு சொன்னா ஒனக்குக் கொறச்சலாயிரும்லா? அதான் நானே சரியாக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நிமிடம் செய்தார்கள் என்று தினமும் எழுதுவதற்குத் தாள் கொடுத்திருந்தாள். பலகை எந்தப் பக்கம் என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை.

"அது தப்பா மாட்டுனது இல்ல அண்ணாச்சி. வேணும்ணே அப்பிடி வச்சதுதான்." சீட்டின் கதையை முழுக்கச் சொன்னாள்.

"அப்போ அந்த மத்த ஒம்பது பேரு?" என்றார் கடைசியில். "அந்த மீன்காரரும் மரத்தத்தான் பாத்துட்டு இருந்தாரா?"

"ஆமா."

"பாவம்லா மக்கா."

"கண்ணாடியாலதான் ஒங்களுக்குத் தேறிச்சுண்ணு எனக்கு இன்னும் தெரியாது."

"பின்ன எதுனால?"

"தெரியாது. சிலவங்களுக்குத் தானாவும் தேறும்."

"தெரியாது, தெரியாது" என்றார் நாராயணபெருமாள். "இதத் தெரியாதுண்ணு சொல்ல எத்தன வருசம் படிக்கணும் பிள்ளே?"

"பத்து வருசம் ஆச்சு" என்றாள் ரெஜிலா.

முத்துக்கனி வாய்விட்டுச் சிரித்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வலது கை விரல்களால் ஒரு நுனியைக் காதுக்கு மேலே பிடித்துக்கொண்டு, இடது கையால் சுற்றினார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நின்றது. கொஞ்சம் கோணல்தான். "ஞாயித்துக்கிழம தாங்கலுக்குப் போனேன்" என்று மட்டும் சொன்னார். ரெஜிலா கிளம்பும்போது ஒரு சீப்பு மட்டிப்பழத்தை அவள் பையில் திணித்தாள் முத்துக்கனி.

மட்டிப்பழத்தைத் தின்றுகொண்டே அபின் யோசனை சொன்னான். "இதுல என்ன வெப்ராளம் ஒனக்கு, மண்டையப் போட்டு ஒடைக்க? அவரு பாத்தது கண்ணாடி. அவரத் தூக்கிக் கண்ணாடிக் குழுவுல போடு. பொய்யா எழுதச் சொன்னேன்? உள்ளதத்தானே எழுதுக!"

ரெஜிலா கணக்குப் போட்டும் பார்த்தாள். அவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று வந்தது. அவரை விட்டுவிட்டுப் பத்தொன்பது பேர் என்று எழுதினாலும் வந்தது. எந்தப் பக்கம் போட்டாலும் முப்பதாம் தேதிக்கு ஆய்வேடு ரெடி.

ஆனால் பரீட்சையில் இதே கேள்விக்குப் பத்து மார்க்குக்குப் பதில் எழுதியவள் அவள். சீட்டு எந்தக் குழுவில் போட்டதோ, அந்தக் குழுவிலேயே ஆளை எண்ணவேண்டும், அவர் பிறகு என்ன செய்திருந்தாலும். அப்போது மனப்பாடமாக எழுதினாள். ஏன் அப்படி என்பது இப்போதுதான் உறைத்தது. பலகையை உருவித் திருப்புகிற ஆளும், கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்கிற ஆளும் ஒரே மாதிரி ஆட்களா? ஆறு வாரம் முடிந்தும் விடாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு வெறும் சுவரைக் காட்டியிருந்தாலும் தேறியிருக்குமோ என்னவோ! அவரைத் தூக்கி வைத்தால் அவருடைய பிடிவாதத்தையும் சேர்த்தல்லவா கண்ணாடிக் கணக்கில் எழுதவேண்டிவரும்?

அவள் வழிகாட்டி டாக்டர் ராஜபாய் எல்லாவற்றையும் கேட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார். "உள்ளபடி எழுது மக்கா. பதினாலு மரக் குழுவுலயே இருக்கட்டும், திருப்பினாருண்ணு ஒரு வரி எழுது. முடிவு, 'நிச்சயமில்லை.' நிச்சயமில்லைண்ணு எழுதுன தீசிஸ் எத்தனையோ பாஸ் ஆயிருக்கு. முப்பதாம் தேதி குடுத்துட்டுப் போ."

"மேடம், அந்த ஒம்பது பேருக்கும் பலகையத் திருப்பிக் குடுத்து இன்னும் ஆறு வாரம் பாத்தா?"

"எத்திக்ஸ் கமிட்டில புதுசா அனுமதி வாங்கணும். அதுக்கு ஒரு மாசம். பெறவு ஆறு வாரம். அடுத்த பேட்ச்சுக்கூடத்தான் பரீட்சை எழுதுவ. மார்த்தாண்டத்துல ஒனக்காகக் காத்துட்டு இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க."

"பின்ன?"

"நிச்சயமில்லைண்ணு எழுதீட்டுப் போயிட்டா, பஸ்ஸுல போகும்போகூட அதுவேதான் மண்டையில ஓடும் மேடம். எனக்குத் தெரியணும்."

டாக்டர் ராஜபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒனக்க அப்பாகிட்ட நான் பேச மாட்டேன், கேட்டியா? அத நீயே பேசிக்க" என்று சொல்லிவிட்டுக் கமிட்டிக்குப் போகும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவிடம் அவளே பேசினாள். இரண்டு நாள் அவர் சரியாக முகம் கொடுக்கவில்லை. மார்த்தாண்டத்து வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. முப்பதாம் தேதி அபின் தன் ஏட்டைக் கொடுத்துவிட்டு, "வரட்டா, ஜூனியர்" என்று கையசைத்துப் போனான்.

ஆகஸ்டில் ஒன்பது பேரும் வந்தார்கள். இந்தத் தடவை ரெஜிலா எல்லாவற்றையும் சொன்னாள்: இதுவரை பார்த்தது மரம், இனி பார்ப்பது கண்ணாடி, பலன் வருமா என்று தெரியாது. சகாயத்தின் பெட்டியில் பலகையை அவளே உருவித் திருப்பினாள். அவர் வலது கையை முன்னால் வைத்து மெல்ல விரித்தார்.

கண்ணாடிக்குள் இடது கை விரிந்தது.

"ஏ மாதாவே!" என்று கையை இழுத்துக்கொண்டார். பெட்டிக்குள் குனிந்து எட்டிப் பார்த்தார். உள்ளே அவர் இடது கை வைத்தது வைத்தபடி கிடந்தது. மறுபடி வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி உள்ளே. சின்னப் பிள்ளைகள் கடிகாரத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்குமே, அந்த மாதிரி நாலைந்து தடவை பார்த்தார். "இது கள்ளத்தனம்லா டாக்டரே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

ஆறு வாரம் கழித்து அளந்தவள் சஜிதா, முதல் வருட மாணவி. ஒன்பது பேரில் ஆறு பேர் ஏறியிருந்தார்கள், முன்பு மரத்தைப் பார்த்து ஏறியதைவிட அதிகம். மூன்று பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்த மூவரில் சகாயமும் ஒருவர். பத்துக் கட்டை, போன தடவையும் பத்து.

ரெஜிலாவுக்கு ஆறு பேரைப் பார்த்துச் சந்தோஷம். ஆனால் மனசு அந்த மூன்று பேரிடமே போயிற்று. சகாயத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"தெனமும் செஞ்சியளா?"

"ஒரு நா விடல. ஜெபமால எண்ணித்தான் செஞ்சேன். ஒரு மடக்குக்கு ஒரு அருள் நிறைஞ்ச மரியே. அம்பத்துமூணு மணி முடிஞ்சா மறுபடி மொதல்லேருந்து."

"கண்ணாடியப் பாத்துத்தானே?"

சகாயம் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "மொத நாளு பாத்தேன். பெறவு ஜெபம்லா? கண்ண மூடாம எப்பிடிம்மா சொல்லுவேன்?"

ரெஜிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, சஜிதா வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. "ஆறு வாரமும் கண்ண மூடிட்டா?"

"கைய அசைக்கச் சொன்னிய. பாக்கவும் சொன்னிய. பாத்தேனே, மொத நாளு!"

"நான் அந்தப் பெட்டிக்கு முன்னால கண்ணத் திறந்து வைக்கணும்ணு தாள்ல எழுதல அண்ணாச்சி. அது எனக்க தப்பு. இன்னும் ஆறு வாரம் செய்வியளா? கண்ணத் தொறந்துட்டு? ஜெபம் பெறவு தனியா."

சகாயம் யோசித்தார். "செரி. மாதா கேட்டா நீங்க சொல்லிக்கணும்."

மற்ற இரண்டு பேரையும் தேடி அவள் பஸ் ஏறிப் போனாள். ஒருவர் அருமனைக்கு அப்பால், இன்னொருவர் குளச்சல் பக்கம். இருவரும் கண்ணைத் திறந்து, கண்ணாடியைப் பார்த்து, ஒரு நாள் விடாமல் செய்திருந்தார்கள். ஏன் தேறவில்லை என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த பேட்ச்சில் ரெஜிலா ஏட்டைக் கொடுத்தாள். அதில் பதினான்காம் எண் மரக் குழுவிலேயே இருந்தது, திருப்பினார் என்ற வரியோடு. ஒன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணாடி கொடுத்த முதல் ஆறு வாரம் கண்களை மூடியிருந்தார், திறந்த பின் பத்திலிருந்து பத்தொன்பது என்று இருந்தது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப கண்ணாடி உதவுதுங்கறீங்களா?"

"பலருக்கு உதவுது சார். எல்லாருக்கும் இல்ல."

"இந்த ரெண்டு பேருக்கு ஏன் இல்ல?"

வாசல் பெஞ்சில் தலைப்பாகையோடு நாராயணபெருமாள் உட்கார்ந்திருந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே நடப்பது அவருக்குக் கேட்டது. ரெஜிலா அவர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியாது சார்" என்றாள்.

பரீட்சகர் தலையாட்டிக்கொண்டே மார்க்கை எழுதினார்.

வெளியே, "இப்பம் படிச்சுப் பதினொண்ணு வருசம் ஆச்சுலா?" என்று நாராயணபெருமாள் யாரிடமோ சத்தமாகக் கேட்டார்.